தனித் தம்ளர் யாரைக் காக்கும்?

கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் தாம்பரத்தைத் தொடுவதற்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் நிற்கும் இடத்துக்குத் 'தாம்பரம் சானடோரியம்' என்று பெயர். அந்த ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை ஒன்றில்தான் என் காலைகள் பெரும்பாலும் தொடங்குகின்றன. போன மாதம் அங்கே ஒரு தம்பியைக் கவனித்தேன். முப்பது வயது இருக்கும். கம்பெனி யூனிஃபார்ம், தோளில் ஒரு பை. எல்லோரும் கண்ணாடி கிளாஸில் டீ வாங்கி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் "மாஸ்டர், எனக்குப் பேப்பர் கப்புல குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, எதிரே வேப்பமரத்தடியில் தனியாக நின்று குடித்தார். மூன்று நாளும் அப்படியே. நாலாவது நாள் நானும் என் டீயோடு மரத்தடிக்குப் போனேன்.

பேச்சுக் கொடுத்தபோது ஓரடி பின்னால் நகர்ந்தார். "எனக்கு டி.பி.ண்ணே. மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆகப்போவுது. நம்மளால நாலு பேருக்கு வந்துடக் கூடாதுல்ல" என்றார்.

மெல்ல மெல்ல மற்றதையும் சொன்னார். பொங்கலுக்கு முன்பே இருமல் வந்துவிட்டது. மெடிக்கலில் சிரப் வாங்கிக் குடித்தார். ஒரு கிளினிக்கில் ஏதோ ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள்; ஒரு வாரம் தேவலாம்போல இருந்தது, பிறகு பழையபடி. சித்திரையில் சளியில் ரத்தம் கண்டபிறகுதான் பரிசோதனை. முடிவு வந்த அன்றே வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய். மூன்றரை வயது மகளை அன்று சாயங்காலமே திண்டிவனம் பக்கத்தில் மாமியார் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். "பாப்பாவைப் பார்த்து ரெண்டு மாசமாச்சுண்ணே." வீடு ஒற்றை அறை. ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு. பீரோ மறைச்சிருக்கு."

அந்த வீட்டில் பாசத்துக்குக் குறைவில்லை. காவல் போட்ட இடமும் நேரமும்தான் தவறு. அவருக்கு அன்று சொன்னதை இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். டீ ஆறிப்போனால் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு பாதை

'தொற்றுநோய்' என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடுகிறது. தொட்டால் ஒட்டிக்கொள்வது என்று அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டு, எல்லா நோய்க்கும் ஒரே மாதிரி பயப்படுகிறோம். ஆனால் ஒவ்வொரு கிருமிக்கும் ஓர் உடம்பிலிருந்து வெளியேற ஒரு வாசல், அடுத்த உடம்புக்குள் நுழைய ஒரு வாசல், நடுவில் பயணம் செய்ய ஒரு வாகனம் உண்டு. இந்த மூன்றில் ஒன்று தடைபட்டாலும் அது போய்ச் சேராது.

டீக்கடையிலேயே பாருங்கள். கொதித்த டீயில் டைபாய்டு கிருமி பிழைக்காது. ஆனால் குடித்த கிளாஸ்களை முக்கி எடுக்கும் பக்கெட்டுத் தண்ணீர் அசுத்தமாக இருந்தால் அதில் பிழைக்கும். டைபாய்டு, காலரா, குழந்தைகளுக்கு வரும் மஞ்சள் காமாலை எல்லாம் மலத்தில் வெளியேறி, தண்ணீரிலோ கையிலோ ஏறி, வாய் வழியாக உள்ளே போகிறவை. அங்கே தம்ளரைப் பற்றிக் கவலைப்படலாம். தண்ணீரைக் கொதிக்கவைப்பதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் உண்மையான காவல்.

கடைக்குப் பின்னால் கிடக்கும் பழைய டயரில் மழைத்தண்ணீர் நின்றால் அது டெங்குவின் பாதை. ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும். டெங்கு நோயாளியின் தட்டை ஒதுக்கிவைத்துப் பயனில்லை. அவரைக் கொசு கடிக்காமல் வலைக்குள் படுக்கவைத்தால் பயனுண்டு. வெள்ளத்தில் செருப்பில்லாமல் நடந்தவருக்கு வரும் எலிக்காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து காலின் வெடிப்பு வழியாக ஏறுகிறது. புதர்க்காட்டில் நடந்தவரை ஒட்டிக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி, கடித்த இடத்தில் சிகரெட் சூடு போல ஒரு கறுத்த பொருக்கை விட்டுப் போகும். விடாத காய்ச்சலோடு அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ அப்படி ஒன்று இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் காட்ட வேண்டும். நாய்க்கடியில் வாகனம் எச்சில். அங்கே முதல் வைத்தியம் பதினைந்து நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும், அன்றே தடுப்பூசி.

ஆக, நோயின் பெயர் தெரிந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'தொடலாமா, கூடாதா' என்பதல்ல. 'இது எந்தப் பாதையில் வருகிறது' என்பதுதான்.

காற்றில் மிதக்கும் கிருமி

காசநோய்க் கிருமியை 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தார். அதனால்தான் அந்த நாளை உலக காசநோய் நாளாக வைத்திருக்கிறார்கள். இதன் பாதை காற்று. காற்று மட்டும்தான் என்றே நம் அன்றாட வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நுரையீரலில் காசநோய் உள்ள ஒருவர் இருமும்போது பெரிய துளிகளும் மிகச் சிறிய துளிகளும் தெறிக்கின்றன. பெரியவை தரையில் விழுந்துவிடும். சிறியவை காற்றிலேயே உலர்ந்து, ஒன்று முதல் ஐந்து மைக்ரான் அளவுள்ள துகள்களாக மிதக்கும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராத அளவு அது. வெயிலும் காற்றோட்டமும் இல்லாத அறையில் அவை மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அவ்வளவு சிறியதாக இருந்தால்தான் மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போய் இறங்க முடியும். தட்டிலோ தம்ளரிலோ போர்வையிலோ ஒட்டியிருக்கும் கிருமிக்கு அங்கிருந்து எழும்பி அந்த ஆழத்துக்குப் போக வழி இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கை குலுக்கினாலும், ஒரே கழிவறையைப் பயன்படுத்தினாலும் காசநோய் பரவாது.

திறந்த ஜன்னல் இந்த மிதக்கும் துகள்களை வெளியே கொண்டுபோய்க் கரைத்துவிடுகிறது. நேர் வெயில் கிருமியைக் கொல்கிறது. ஆகவே தெருவோர வேப்பமரத்தடியில், காற்று ஓடும் இடத்தில், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் கண்ணாடி கிளாஸில் டீ குடிப்பதால் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. பொங்கலிலிருந்து சித்திரை வரை, பீரோ மறைத்த ஜன்னலுக்குக் கீழே, மூன்று பேர் ஒரே அறையில் படுத்திருந்த இரவுகளில்தான் ஆபத்து இருந்தது. அப்போது வீட்டில் யாரும் பயப்படவில்லை, ஏனென்றால் அது 'வெறும் இருமல்'.

காசநோயை நாம் நடத்தும் விதத்தில் உள்ள பெரிய பிழை இதுதான். நோய் பரவுகிற மாதங்களில் அலட்சியமாக இருக்கிறோம். மருந்து தொடங்கி, பரவுவது அடங்குகிற நேரத்தில் ஆளை ஒதுக்குகிறோம். கிருமிக்கு மருந்து சரியாக வேலை செய்யும்பட்சத்தில், முறையான சிகிச்சை தொடங்கிய சுமார் இரண்டு வாரத்திலேயே பரப்பும் சக்தி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அந்த முதல் வாரங்களில் முகக்கவசம் போட்டுக்கொள்வதும், இருமும்போது வாயை மூடுவதும், கண்ட இடத்தில் துப்பாமல் இருப்பதும், காற்றோட்டமான இடத்தில் படுப்பதும் போதும்.

சென்னை உலகத்துக்குச் சொன்ன பாடம்

இந்த உண்மையை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டிய ஊர் நம் சென்னைதான் என்பதை அந்தத் தம்பியிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

ஒரு காலத்தில் காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள சாப்பாடு, இவைதான் வைத்தியம். அதற்காகக் கட்டப்பட்டவையே சானடோரியங்கள். தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கியது அப்படி ஒன்று. இன்று அது நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை. ரயில் நிலையத்தின் பெயர் மட்டும் பழைய காலத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. காசநோயைத் தாக்கும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1944-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் மருந்து கண்டுபிடிக்கப்படுவது வேறு, நோயாளியின் கைக்கு வருவது வேறு. நம் புதுமைப்பித்தன் 1948-ல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

அடுத்த சில ஆண்டுகளில் வேறு மருந்துகளும் வந்தன. மாத்திரை இருக்கிறது, ஆனால் நாட்டில் உள்ள நோயாளிகள் எல்லோருக்கும் படுக்கை கொடுக்க எந்த அரசாலும் முடியாது. வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா? வீட்டில் வைத்தால் குடும்பத்துக்கு வராதா? இந்த இரண்டு கேள்விகளோடு 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து நடத்திய ஆய்வு அது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் அதற்குத் தலைமை ஏற்றார். சென்னையின் நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு சானடோரியத்தில் படுக்கை, கவனிப்பு, நல்ல சாப்பாடு. மறுபாதிப் பேர் தங்கள் வீட்டிலேயே. இருதரப்புக்கும் ஒரே மாத்திரைகள், ஓராண்டு.

முடிவு 1959-ல் வெளியானது. வீட்டில் இருந்தவர்கள் சுமாராகச் சாப்பிட்டார்கள், ஓய்வும் குறைவு. ஆனாலும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். பிறகு இரு தரப்புக் குடும்பத்தினரையும் ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டில் வைத்துச் சிகிச்சை கொடுத்த குடும்பங்களில் காசநோய் கூடுதலாக வரவில்லை. குடும்பத்துக்கு ஆபத்து, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய மாதங்களில்தான் இருந்தது. சிகிச்சை தொடங்கிய பிறகு ஆளைப் பிரித்துவைப்பதால் தனிப் பலன் இல்லை என்பது தெளிவாயிற்று. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டு, வீட்டிலிருந்தபடியே சிகிச்சை என்ற முறை பரவியதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அறுபது ஆண்டுக்கு மேலாகிறது. ஆய்வு நடந்த இதே ஊரில், ஒரு தகப்பன் தன் மகளைப் பார்க்காமல் இருக்கிறார். எனக்கு மனது தாங்கவில்லை.

நீறு பூத்த நெருப்பு

"அப்ப பாப்பாவுக்கு ஒண்ணும் வராதாண்ணே?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது.

கிருமி உள்ளே போவதும் நோய் வருவதும் ஒன்றல்ல. உலக மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் உடம்பில் காசநோய்க் கிருமி நுழைந்திருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெரும்பாலோர் உடம்பு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடக்கிவைத்துவிடும். நீறு பூத்த நெருப்பு போல அது உள்ளே கிடக்கும். அப்படி உள்ளவர்களில் ஐந்திலிருந்து பத்து சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக மூளும். நெருப்பு உள்ளே கிடக்கும்வரை அவரால் யாருக்கும் பரவாது.

சாம்பலை ஊதிவிடும் காற்று எது? ஐந்து வயதுக்குட்பட்ட பருவம், சத்துக்குறைவு, சர்க்கரை நோய், எச்.ஐ.வி., புகை, குடி, ஸ்டீராய்டு மருந்துகள். நம் ஊரில் சர்க்கரை நோய் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை; சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

"பொறந்தப்பவே பி.சி.ஜி. போட்டாச்சே" என்றார். நல்லது. அந்த ஊசி சிறு குழந்தைகளுக்கு மூளைக் காசநோய் போன்ற கொடிய வகைகள் வராமல் பெரிதும் காக்கிறது. ஆனால் பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்பதை, செங்கல்பட்டுப் பகுதியில் 1968-ல் தொடங்கிய மாபெரும் ஆய்வு காட்டியது. ஆகவே ஊசி போட்டிருப்பது பரிசோதனைக்கு மாற்றாகாது.

மகளை ஊருக்கு அனுப்பியது பெரிய தவறு இல்லை. பரிசோதிக்காமல் அனுப்பியதுதான் தவறு. அப்பாவின் இருமலோடு நாலு மாதம் ஒரே அறையில் தூங்கிய குழந்தை அது. ஊருக்குப் போனதால் உள்ளே போயிருக்கக்கூடிய கிருமி வெளியே வந்துவிடாது. அந்தக் குழந்தையைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். எடை ஏறாமல் இருக்கிறதா, இருமல் காய்ச்சல் உண்டா, சோர்ந்து கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். நோய் இல்லையென்று உறுதியானால், நெருப்பு மூளாமல் இருக்கத் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். இது குழந்தைக்கு மட்டுமல்ல. அதே வீட்டில் இருக்கும் மனைவிக்கும் பரிசோதனை வேண்டும், பிறகு தடுப்பு மாத்திரையும் உண்டு.

டப்பாவில் என்ன கொடுக்க வேண்டும்

காசநோயைக் கண்டுபிடிக்கும் வேலை ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் தொடங்குகிறது. அதில்தான் பலரும் தவறவிடுகிறார்கள். சளி கொடுங்கள் என்றால் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எச்சிலில் கிருமி அகப்படாது. பரிசோதனையில் 'இல்லை' என்று வரும். ஆள் நிம்மதியாக வீட்டுக்குப் போய் இன்னும் இரண்டு மாதம் இருமுவார்.

காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். திறந்தவெளியில் நின்று, மூச்சை நன்றாக இழுத்து, ஒரு நொடி பிடித்து, நெஞ்சின் ஆழத்திலிருந்து இரும வேண்டும். இரண்டு மூன்று முறை முயன்றால், கெட்டியாக, மஞ்சளாகவோ வெள்ளையாகவோ சளி வரும். அதுதான் வேண்டியது. மூடியை இறுக்கி, அன்றே கொடுத்துவிட வேண்டும். சிபிநாட், ட்ரூநாட் என்ற கருவிகளில் அந்தச் சளியை வைத்தால் ஓரிரு மணி நேரத்தில் கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிப்பதோடு, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் அதற்கு வேலை செய்யுமா என்பதையும் சொல்லிவிடும். 'ரத்தம் எடுத்து டி.பி. பார்க்கிறோம்' என்று ஆன்டிபாடி சோதனையை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவை தவறான முடிவு காட்டுவதால் 2012-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது.

எப்போது பரிசோதனைக்குப் போக வேண்டும்? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். சாயங்காலமானால் மெல்ல ஏறும் காய்ச்சல். இரவில் பனியன் நனையும் வியர்வை. பசியின்மை, காரணமில்லாமல் எடை குறைதல், சளியில் ரத்தம். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் போதும். கழுத்தில் வலிக்காத கட்டி, நாள்பட்ட முதுகெலும்பு வலி என்று நுரையீரலுக்கு வெளியேயும் காசநோய் வரும். அவை பெரும்பாலும் பிறருக்குப் பரவாது, ஆனால் சிகிச்சை தேவை. மெடிக்கலில் தானாக ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுவதில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. சில ஆன்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கிவைக்கும். நோய் சிறிது நாள் முகத்தை மறைத்துக்கொள்ளும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். தம்பிக்கு 'ஒரு வாரம் தேவலாம்போல' இருந்தது அப்படியும் இருக்கலாம்.

ஆறு மாதம் ஏன்?

பல கிருமிகள் இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமி அப்படிப் பிரிய ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். மெழுகு போன்ற தடித்த உறை வேறு. மருந்து பெரும்பாலும் பெருகும் கிருமியைத்தான் அடிக்கும்; தூங்கும் கிருமி தப்பித்துக் கிடக்கும். அதனால்தான் ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் ஐசோநயசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியுட்டால் என்று நான்கு மருந்துகள் ஒரே மாத்திரையில். அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். இரண்டாவது மாதத்தில் பசி எடுக்கும், எடை ஏறும், இருமல் போய்விடும். 'குணமாகிவிட்டது' என்று நிறுத்தத் தோன்றும் நேரம் அதுதான். நிறுத்தினால் தப்பிக் கிடக்கும் கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிக்கொண்டு திரும்பும். அதற்கான சிகிச்சை இன்னும் கடினம்.

மாத்திரை தொடங்கிய அன்றே சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். ரத்தம் என்று பயந்து பலர் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். அது ரிஃபாம்பிசினின் நிறம், வேறொன்றுமில்லை. ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ, நிறம் பிரித்துப் பார்க்க முடியாவிட்டாலோ அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையை மாற்றிக் கொடுப்பார்கள். பாதம் எரிந்தால், மதமதத்தால் அதற்கு வைட்டமின் மாத்திரை உண்டு.

சாப்பாடும் மருந்துதான். ஜார்க்கண்டில் 2019-ல் தொடங்கி நடந்த 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வில், நோயாளிகளின் குடும்பத்தினருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்தார்கள். கொடுத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் வெளியான முடிவு சொன்னது. முட்டை, பயறு, வேர்க்கடலை, மீன், கீரை, எது கட்டுப்படியாகுமோ அது. நோயாளிக்குத் தனித் தம்ளர் வைப்பதைவிட அவர் தட்டில் ஒரு முட்டை கூடுதலாக வைப்பது அந்த வீட்டைக் காக்கும்.

எங்கே போவது?

வீட்டுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் போதும். நகரத்தில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். சளிப் பரிசோதனையும் ஆறு மாத மாத்திரையும் இலவசம். தனியார் டாக்டரிடம் பார்த்தாலும் அவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் விதி. அதனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம்; குடும்பத்தினருக்குப் பரிசோதனையும் உதவியும் வந்து சேரவே அந்த ஏற்பாடு. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். 2018-ல் 500 ரூபாயாகத் தொடங்கியது 2024 நவம்பரில் இரட்டிப்பானது. வங்கிப் புத்தகத்தை மறக்காமல் கொண்டுபோங்கள். சந்தேகம் கேட்க 104, அல்லது காசநோய்க்கான இலவச எண் 1800-11-6666.

எல்லோரையும் வீட்டில் வைத்துப் பார்த்துவிட முடியாது. எழுந்து நிற்கப் பிடிமானம் வேண்டியிருப்பவர், எலும்பும் தோலுமாக மெலிந்தவர், கால் வீங்கியவர், மூச்சு வாங்குகிறவர், வாய்நிறைய ரத்தம் வருகிறவர், நினைவு தடுமாறுகிறவர், இவர்களை உடனே பெரிய மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். 108-ஐ அழைக்கலாம். காசநோய் மரணங்களில் பல, சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் நடந்துவிடுகின்றன. அதனால்தான் 2022-ல் தமிழ்நாடு அரசு 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' கொண்டுவந்தது. நோய் உறுதியானதுமே எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், தானாக நிற்கும் தெம்பு ஆகியவற்றைப் பார்த்து, மோசமானவர்களை அப்போதே பிரித்தெடுத்து அட்மிட் செய்கிறார்கள்.

எல்லாம் கேட்டுக்கொண்டு தம்பி கம்பெனிக்குப் போனார். பேப்பர் கப்பை நசுக்கிப் பையில் போட்டுக்கொண்டார், குப்பைத் தொட்டியில்கூடப் போடவில்லை. அவ்வளவு பயம்.

மூன்று வாரம் கழித்து அதே கடையில் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. இரண்டாவது மாதச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. இன்னும் நாலு மாத மாத்திரை பாக்கி இருக்கிறது, விடமாட்டேன் என்றார். மகள் வந்துவிட்டாள், டாக்டர் பார்த்தாயிற்று, நோய் இல்லை, தடுப்பு மாத்திரை தொடங்கியிருக்கிறது. பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்திவிட்டார்கள். "காலையில வெயில் நேரா பாய்ல விழுதுண்ணே. இத்தனை வருஷம் அந்த வீட்ல வெயிலே பார்த்ததில்ல."

அவர் பக்கத்தில் அதே யூனிஃபார்மில் இன்னொரு பையன். குனிந்து, கைக்குட்டைக்குள் இருமினான்.

"கூட வேலை செய்யறவன். மூணு வாரமா இப்படித்தான் இருமுறான். சிரப் குடிச்சா சரியாயிடும்ங்கிறான்" என்றார் தம்பி. "நாளைக்கு லீவு சொல்லியாச்சு. டப்பா வாங்கிக் குடுத்துட்டேன், எப்படி இருமணும்னும் சொல்லிக் குடுத்திருக்கேன். நானே கூட்டிட்டுப் போறேன்."

பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார். "ரெண்டு டீ மாஸ்டர். கிளாஸ்லயே குடுங்க."